எந்த ‘வேணும்’?

திருகோணமலையில் யாரிடமாவது ஒரு காரியம் கேட்டுப் பாருங்கள், “ஓம், கட்டாயம்” என்றுதான் பதில் வரும். மேசன் கட்டாயம் திங்கட்கிழமை வருவார். சட்டை தைக்கிறவள் கட்டாயம் வருசப்பிறப்புக்கு முன்னம் தந்துவிடுவாள். கலியாணவீட்டுக்குக் கட்டாயம் வருகிறோம் என்று வீட்டு வாசலில் நின்று சொன்னவர்களின் கதிரை பந்தியில் வெறுமையாகக் கிடக்கும். இதை யாரும் பொய் என்று எடுப்பதில்லை. கேட்டவரின் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சொல்கிற சொல் அது.

அந்தச் சொல்லை நானும் தாராளமாகச் செலவழிக்கிறவள்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. கோதுமைக் கப்பல் எப்ப வரும், சீமெந்துக் கப்பல் எப்ப வரும் என்று லொறிக்காரர் ஓயாமல் தொலைபேசி எடுப்பார்கள். “நாளைக்குக் கட்டாயம், தம்பி” என்பேன். கடலும் காற்றும் கப்பல் கப்டனும் என் கையில் இல்லை. ஆனாலும் அப்படிச் சொல்லாமல் அந்தக் கந்தோரில் ஒரு நாளை ஓட்டமுடியாது.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்தவர் அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டார். என் கணவரைச் சொல்கிறேன். வீட்டில் எனக்கு அவர் ‘இவர்’தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இவர் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல் படிப்பிக்கிறவர். எந்தக் கூற்றிலிருந்து எது வரும், எது வராது என்று பார்க்கிற பாடம் அது. மற்ற ஆசிரியர்கள் பள்ளிக்கூட மணி அடித்ததும் பாடத்தைச் சோக்கோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டு வருவார்கள். இவர் அதைத் தலைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே இது தெரிந்துவிட்டது. கிளிவெட்டியிலிருந்து தாயோடும் தாய்மாமனோடும் வந்திருந்தார். என் அப்பா எல்லாம் பேசி முடித்த திருப்தியில், கடைசியாக எந்தத் தகப்பனும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“தம்பி, என்ர பிள்ளையைக் கண்கலங்காமல் வைச்சிருப்பீர்தானே?”

“அப்பிடித்தான் விரும்புறன், ஐயா.”

“கட்டாயம் வைச்சிருப்பன் எண்டு சொல்லுமன்.”

“கட்டாயம் எண்டு சொல்ல ஏலாது, ஐயா. நாளைக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாதே.”

 விறாந்தையில் தாய்மாமன் இருமினார். குசினிக்குள் பலகாரத் தட்டோடு நின்ற அம்மா, இதோடு இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று தட்டைத் திரும்பக் கீழே வைத்துவிட்டா. அது போதாதென்று, புறப்படும்போது எல்லோரும் “போட்டு வாறம்” என்று சொல்ல, இவர் மட்டும் “போட்டு வரப் பாக்கிறன்” என்றார்.

எங்கள் ஊர்களில் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டக்கூடாது. திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதைப்போய் ‘வரப் பாக்கிறன்’ என்றால்?  காலையில் “போட்டு வாறன்” என்று சொல்லிப் போனவர்கள் பின்னேரம் வீடு திரும்பாத காலத்தில் பிள்ளை வளர்த்தவ என் அம்மா. அந்தக் காலத்தில்தான் இவரும் வளர்ந்தார். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்கு முன்பு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தேத்தண்ணி ஆறுவதற்குள் கட்டாயம் கட்டாயம் என்று அடுக்கிவிட்டுப் போனவர்கள். போனவர்கள் போனவர்கள்தான். இந்த மனிசன் ஒருவர்தான் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார், அதுவும் பெண் கேட்டு வந்த இடத்தில். “இவரைத்தான் கட்டுவன்” என்று நான் சொன்னபோது அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

கலியாணம் முடிந்த புதிதில் பின்னேரங்களில் கோணேசர் கோயிலுக்கு நடப்போம். கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே புள்ளி மான்கள் ஊர் ஆடுமாடுகளைப்போல் நிற்கும். ஒருநாள் நான் பையில் வாழைப்பழத்தோல் கொண்டுபோனேன். “வாசலடியில மான் கட்டாயம் நிக்கும், குடுப்பம்” என்றேன்.

“நிக்கக்கூடும்” என்றார்.

“இதென்ன கூடும்? நேற்றும் நிண்டது, முந்தநாளும் நிண்டது.”

“ஓம். ஆனா இண்டைக்கு நிக்காமல் விட்டா உலகத்தில ஒரு முரண்பாடும் வராது.”

“அப்ப எதுதான் உங்களுக்குக் கட்டாயம்?”

“அது மான் எண்டா, அது மிருகம். மானாய் இருந்துகொண்டு மிருகமாய் இல்லாமல் இருக்க ஏலாது.”

“இது சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே!”

“தெரியும்தான். கட்டாயமான விசயங்கள் எல்லாம் அப்பிடித்தான். பெரிசாய் ஒண்டும் சொல்லாது. ஆனா கைவிடாது.”

அன்றைக்குப் பார்த்து வாசலில் ஒரு மானும் இல்லை. வேறொருவர் என்றால் சொல்லிக் காட்டியிருப்பார். இவர் “இல்லாததும் கட்டாயமில்லை” என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கிச் சுமந்துகொண்டு வந்தார்.

நான் விடுகிற ஆளில்லை. கோயிலடியில், மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிற இடத்தில் நின்றுகொண்டு கேட்டேன், இங்கேயிருந்து ஒரு கல்லைப் போட்டால் அது கீழேதானே விழும், அதுவுமா கட்டாயமில்லை என்று.

“விழாமல் மேல போற கல்லை உம்மால நினைச்சுப் பாக்க ஏலுமோ?”

நினைத்துப் பார்த்தேன். “ஏலும்” என்றேன். கார்ட்டூன் படத்தில் வருவதுதானே.

“சரி. ஒரே நேரத்தில, ஒரே இடத்தில, நனைஞ்சும் நனையாமலும் இருக்கிற கல்லை?”

நான் கண்ணை மூடினேன். அரைவாசி நனைந்த கல் வந்தது. அது இல்லை என்றார், ஒரே இடத்தில் என்றார். முதலில் நனைந்து பிறகு காய்ந்த கல் வந்தது. அதுவும் இல்லை, ஒரே நேரத்தில் என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. என் மனதை யாரும் பிடித்து வைக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை, ஆனால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. கல் மேலே போகாதது உலகத்தின் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கடவுள் நினைத்தால் மாற்றலாம். ஆனால் இந்தக் கல்லைக் கடவுளாலும் உண்டாக்க ஏலாது என்று கோயிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கண்ணைத் திறந்தபோது இவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், நல்ல மாம்பழத்தை ஒருவருக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பதைப்போல.

இந்த மனிசனை நான் மெச்சத் தொடங்கியது அன்றைக்குத்தான். அதுவரை எனக்கு இருந்தது விருப்பம் மட்டும்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் பிள்ளைகள் வந்து படிப்பார்கள். நான் உள்ளே உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எல்லா மீனும் தண்ணீரில் சீவிக்கும், சூரை ஒரு மீன், ஆகவே சூரை தண்ணீரில் சீவிக்கும் என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தார். எடுகூற்றுகளான முதல் இரண்டையும் ஒத்துக்கொண்டவன், முடிவான மூன்றாவதையும் கட்டாயம் ஒத்துக்கொள்ளவேண்டும், தப்ப வழியில்லை என்றார். கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து வருகிற ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். அவளுடைய வீட்டுக்கு முன்னால் வருடம் முழுவதும் மீன் காய்ந்துகொண்டிருக்கும்.

“சேர், கருவாடும் மீன்தானே? அப்ப கருவாடும் தண்ணியில சீவிக்குமோ?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

“அருமையான கேள்வி, பிள்ளை. முடிவு பிழை. அப்ப நான் முதல்ல சொன்ன எடுகூற்றில எங்கயோ ஓட்டை. எல்லா மீனும் எண்டு நான் சொன்னது பிழை, உயிரோட இருக்கிற மீன் எண்டு சொல்லியிருக்கோணும். ஆனா பாருங்கோ, ‘ஆகவே’ பிழைக்கேல்லை. மீன் பிழைச்சாலும் நான் பிழைச்சாலும் ‘ஆகவே’ பிழைக்காது. கட்டாயம் இருக்கிறது மீனுக்குள்ள இல்லை, ‘ஆகவே’க்குள்ள.”

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ‘நான் பிழை’ என்று இவ்வளவு குதூகலமாக ஒத்துக்கொள்கிற ஆசிரியரை நான் அதுவரை கண்டதில்லை. என்னைப் படிப்பித்தவர்கள் என்றால் கருவாட்டைத் தண்ணீரில் நீந்தவிட்டாவது தாங்கள் சரி என்று காட்டியிருப்பார்கள்.

ஆனால் ஒரு விசயத்தில் இவர் தமிழோடு சண்டை பிடித்துக்கொண்டே இருந்தார். ‘வேணும்’ என்ற சொல்தான் அது. மழை வரவேணும் என்று கிளிவெட்டியில் வயற்காரன் வானத்தைப் பார்த்துச் சொன்னால் அது ஆசை. முக்கோணத்துக்கு மூன்று பக்கம் இருக்கவேணும் என்று வகுப்பில் சொன்னால் அது கட்டாயம். ஆசைக்கும் கட்டாயத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தால் பிள்ளைகள் எப்படி உருப்படும் என்பது இவருடைய ஆவலாதி. தான் ஆசைப்படுகிற ஒன்றை, நடந்தே தீரவேண்டிய ஒன்று என்று மனிதர் நம்பத் தொடங்குவதே இந்தச் சொல்லால்தான் என்பார். அதனால் யார் ‘வேணும்’ என்று சொன்னாலும் உடனே ஒரு கேள்வி வரும்: “எந்த வேணும்?” பிள்ளைகள் இவருக்கு வைத்த பட்டப்பெயரே ‘எந்த வேணும்’. பஸ் நிலையத்தில் யாரோ ஒருவன் பின்னால் நின்று அப்படிக் கூப்பிட, இவர் மரியாதையாகத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டிலும் அதே பாடுதான்.

“இஞ்சேருங்கோ, எனக்கு ஒரு அலுமாரி வேணும்.”

“எந்த வேணும்?”

“வாங்கித் தராட்டி ராச்சாப்பாடு இல்லை எண்ட வேணும்.”

அலுமாரி வந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் இவரைப்பற்றிச் சொன்னதாகாது. கலியாணமான தொடக்க வருடங்களில் ஊர் முழுவதும் எனக்கு ஆறுதல் சொன்னது. பிள்ளை வரும், கட்டாயம் வரும், இந்தக் கோயிலுக்குப் போ, அந்த டொக்டரிடம் காட்டு, கட்டாயம் வரும். நான் ஒவ்வொரு கட்டாயத்தையும் நம்பினேன். ஒவ்வொன்றும் பொய்க்கிறபோது அதைச் சொன்னவர்களின் முகத்தில் விழிக்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள், தெரியும். ஆனாலும் ஏமாந்தவள் நான். இவர் ஒருவர்தான் அந்த வருடங்களில் ஒருநாள்கூட வரும் என்று சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. என்னோடு டொக்டரிடம் வந்தார், கோயிலுக்கு வந்தார், வெறுங்கையோடு திரும்பி வந்தபோது பக்கத்தில் இருந்தார். பிள்ளை வரவில்லை. ஊரில் எல்லோரிலும் எனக்குக் கோபம் வந்தது. இவரில் மட்டும் வரவில்லை. கொடுக்காத வாக்கை ஒருவர் மீறவும் முடியாதல்லவா?

இரண்டு வருடத்துக்கு முந்தி என் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர், நல்ல கட்டியோ கூடாத கட்டியோ என்று இப்போது சொல்ல முடியாது, வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார். ஒப்பரேசன் கொஞ்சம் பெரிசு என்றும் சொன்னார். எனக்கு இருதயமும் அவ்வளவு நல்லமில்லை. மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் என் பரிசோதனை முடிவுகளைப் புரட்டிவிட்டு, கொஞ்சம் கவனமாய்த்தான் செய்யவேணும் என்று மற்றவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

செய்தி பரவியதும் கட்டாயங்கள் வந்து குவிந்தன. அக்கா சல்லி அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்து, “அம்மாள் இருக்கிறா, ஒண்டும் வராது, கட்டாயம் சுகம் வரும்” என்றா. இறக்கக்கண்டியில் இருக்கிற மச்சாள் பாறைமீன் கொண்டுவந்து ஆக்கிப்போட்டு அதையே சொன்னா. கனடாவிலிருந்து வட்சப்பில் குரல் குரலாக வந்தது. கந்தோரில் லொறிக்காரர்கள்கூட “அக்கா, கட்டாயம் நல்லாய் வருவீங்க” என்றார்கள். நான் அவர்களுக்கு அவிழ்த்துவிட்ட கட்டாயங்களை எல்லாம் திருப்பித் தந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதொன்றும் போதாமல் இருந்தது. எனக்கு ஒரே ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வேண்டும். ஊரெல்லாம் சல்லிக்கல்லாக இறைக்கிற சொல்லை இவர் தங்கமாகப் பொத்தி வைத்திருந்தார். அந்தத் தங்கத்தில் ஒரு பொட்டு எனக்குத் தந்தால் என்ன? காத்திருந்து பார்த்தேன். இவர் மருந்து எடுத்துத் தந்தார், சோறு ஆக்கினார், நான் நடந்தால் பின்னால் நடந்தார். அந்தச் சொல் மட்டும் வரவில்லை. ஒருநாள் மத்தியானம், இவர் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஊரில இருக்கிற ஆக்கள் எல்லாம் சொல்லிப்போட்டினம். கட்டின மனிசன் உங்களுக்கு மட்டும் வாய் வரேல்லை. எனக்குச் சுகம் வரும், கட்டாயம் வரும் எண்டு சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்கள்?”

இவர் குழாயை மூடினார். கையைத் துடைத்தார்.

“சொன்னா நீர் நம்பமாட்டீர்.”

“அதை நான் பாக்கிறன். நீங்க சொல்லுங்கோ.”

“இவ்வளவு காலமாய்ச் சொல்லாத சொல்லை நான் இப்ப சொன்னா, அதில இருந்து உமக்குச் சுகம் வரும் எண்ட முடிவு வராது. எனக்குப் பயம் எண்ட முடிவுதான் வரும்.”

அந்த நேரத்திலும் எடுகூற்றும் முடிவும்! நான் கையிலிருந்த துவாயை நிலத்தில் எறிந்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். சரியாகத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததால் கோபம் இரண்டு மடங்காகியது.

அதன் பிறகு இவர் என்னவோ தேடுகிற ஆளாகத் திரிந்தார். பழைய புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டு புரட்டினார். எழுதினார், வெட்டினார். ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் பின்னேரம், என்னை மெதுவாகக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடாவுக்குள் ஒரு கோதுமைக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. நான் கட்டாயம் நேற்று வரும் என்று சொன்ன கப்பல். மணலில் உட்கார்ந்ததும் இவர் தொண்டையைச் செருமினார்.

“உமக்குச் சொல்லுறதுக்குக் கட்டாயமான ஒண்டைத் தேடினனான். கிடைச்சிருக்கு.”

நான் இவர் பக்கம் திரும்பினேன். “சொல்லுங்கோ.”

“நடந்தது நடக்காததாய்ப் போக ஏலாது. நீரும் நானும் இவ்வளவு காலம் சேர்ந்து இருந்தது நடந்தது. இனி எந்த வருத்தத்தாலயும், ஒருத்தராலயும், அதை நடக்காததாய் ஆக்க ஏலாது. நாளைக்கு என்ன வந்தாலும் அது இருக்கும். அது கட்டாயம்.”

 இவரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்திய பாவத்துக்கு என் வாயில் ஒரு கேள்விதான் வந்தது.

“அதெப்பிடிக் கட்டாயம்? அப்பா மாட்டன் எண்டு நிண்டிருந்தா நீங்க என்னைக் கட்டியிருக்கமாட்டீங்கள். நடக்காமல் விட்டிருந்தாலும் ஒரு முரண்பாடும் வந்திராதே.”

இவருடைய முகம் விளக்கேற்றியதைப்போல் ஆகிவிட்டது. “அருமையான கேள்வி! நடக்க முதல் அது கட்டாயமில்லை. மான் நிக்கிற மாதிரித்தான், நிக்கலாம், விடலாம். ஆனா நடந்த பிறகு…”

“நடந்தது நடந்ததுதான், அதுதானே? செத்தவீட்டுக்கு வாற ஆக்கள் சொல்லுறதை நீங்க உயிரோட இருக்கிற எனக்குச் சொல்லுறீங்கள்” என்றேன்.

 அது செத்தவீட்டு வசனம் என்பது அந்த நொடி வரைக்கும் இவருடைய புத்திக்கு எட்டவேயில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எழும்பி வீட்டுக்கு வந்தோம். இன்றைக்கு யோசிக்கும்போது, என் வாழ்க்கையில் ஒருவர் எனக்காகத் தேடிக் கொண்டுவந்த பொருட்களில் அதைவிடப் பெறுமதியானது ஒன்றுமில்லை. மற்றவர்கள் வாய்க்கு வந்த கட்டாயத்தைத் தந்தார்கள். இவர் உண்மையான ஒன்று கிடைக்கும்வரை தேடினார். கிடைத்தது ஒன்றுதான், அதை அப்படியே கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

இனி ஒப்பரேசனைப்பற்றிச் சொல்லவேண்டும். நான் பிழைத்தேனா என்று யாரும் பதறத் தேவையில்லை. இதை எழுதுகிறவள் நான். செத்தவள் எழுதமாட்டாள். ஆகவே நான் சாகவில்லை. பார்த்தீர்களா, ‘ஆகவே’ கைவிடாது. எடுத்த கட்டி நல்ல கட்டி என்று பிறகு சோதனையில் தெரிந்தது. டொக்டர் “இனி வராது, கட்டாயம்” என்று சொன்னபோது, இவர் அவரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் காலில் கிள்ளி நிற்பாட்டினேன்.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முன்னால் நடந்தது.

காலையில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஒப்பரேசன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடையின் இரண்டு பக்கமும் ஆட்கள் விலகி நின்றார்கள். இவர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். மேல்சட்டைப் பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தார். கதவடியில் தாதி, “ஐயா, இதோட நில்லுங்கோ” என்றா. வண்டி நின்றது. ஏதாவது சொல்லவேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. போட்டு வாறன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கும் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதே. இவரைக் கடைசியாக ஒருமுறை சீண்டிவிட்டாவது போவோம் என்று தோன்றியது.

“போட்டு வரப் பாக்கிறன்” என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

“அப்பிடிச் சொல்லாதையும்.”

“நீங்க அப்பிடித்தானே சொல்லுறனீங்கள்.”

“நீர் சொல்லாதையும். நீர் வரவேணும். கட்டாயம் வேணும்.”

தாதி கதவைத் தள்ளித் திறந்தா. வண்டி அசையத் தொடங்கியது. இவர் கையை விடவில்லை, இரண்டடி கூடவே வந்தார். நான் தலையைத் திருப்பி இவருடைய முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரிடமும், என்னிடமும், இவர் இத்தனை வருடம் கேட்ட கேள்வியை நான் கேட்டேன்.

“எந்த வேணும்?”

இவர் யோசிக்கவில்லை.

“ரெண்டும்” என்றார்.

அந்தப் பதில் எந்த வகுப்பிலும் பிழை. அதை இவரைவிட நன்றாக அறிந்தவர் இந்த ஊரில் இல்லை. இவர் பயந்துபோயிருக்கிறார் என்ற முடிவு மட்டும் அதிலிருந்து கட்டாயமாக வந்தது. நான் தனியாகப் பயப்படவில்லை என்ற நிம்மதியோடு உள்ளே போனேன்.